ஏழு மில்லிமீட்டர்

முதலில் திரை வந்தது. அதுதான் தப்பு.
இருபத்தேழு அங்குலம், நாலு கே.
தக்கலையில் ஒரு ஸ்கேன் சென்டர் மூடியபோது
பாதி விலைக்குக் கேட்டு வாங்கி
கருங்கல் பஸ்ஸில் மடியில் நிறுத்திக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

பகலெல்லாம் பிறர் எலும்பு பார்க்கிறவள் நான்.
சாம்பலுக்குள் ஆயிரம் சாம்பல் தெரியும் எனக்கு.
தெங்கிலிருந்து விழுந்தவர் முழங்கை,
பைக்கில் பறந்த பயலின் காறை எலும்பு.
ராத்திரி எனக்குப் பச்சை வேண்டும்.
ஒரு காடு, மழை, கையில் ஈட்டி.
பழைய கார்டு அந்தக் காட்டை
நொடிக்குப் பதினொரு தடவை வரைந்தது.
மான் நடக்கவில்லை,
இடம் மாறிக்கொண்டிருந்தது.

மருந்துச் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
எண்பத்திரண்டு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து நானூறு புள்ளி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.
நொடிக்கு அறுபது முறை, அழித்துவிட்டு மறுபடி.
ஒரு மனிதரிடம் இந்த வேலையைக் கொடுத்தால்
மத்தியானத்துக்குள் சங்கம் தொடங்கிவிடுவார்.

நாகர்கோவில், செட்டிகுளத்துப் பக்கம் மாடிக்கடை.
டென்சிங் கேட்டான்:
"யாருக்கு, தம்பிக்கா?"
"எனக்கு."
"டிசைன் வேலையா?"
"கரடி கொல்ல."
அதன் பிறகுதான் முகம் பார்த்துப் பேசினான்.
"எட்டு ஜிபி வேண்டாம், கேட்டியளா.
கல்யாண வீட்டுல எட்டு எல போட்ட மாதிரி ஆயிடும்,
சோறு இருக்கும், ஆளும் நிக்கும், எல இருக்காது.
பதினாறு எடுங்க. எழுபத்திரண்டாயிரம்.
இல்லேன்னா இது, நாப்பத்தொண்ணு. பழசு.
காயின் தோண்ட ராப்பகலா ஓடினது,
ஃபேன் மட்டும் மாத்தியிருக்கு."
மூக்கருகே கொண்டுபோனேன். வெந்த தூசு வாசனை.
இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தவர்கள் மேல்
எங்கள் ஆஸ்பத்திரியிலும் அது உண்டு.
வைத்துவிட்டேன்.

"இன்னொரு வழி இருக்கு," என்றான்.
"கால்வாசிப் படத்தைத்தான் கார்டு வரையும்,
மிச்சத்தை ஊகிச்சு நிரப்பிக்கிடும்.
உத்துப் பாத்தா மட்டும்
எல நுனியில ஒரு நடுக்கம் தெரியும்."

நான் ஏன் சிரித்தேன் என்று அவன் கேட்கவில்லை.
சோஹாரில் ஷெல்டன். ஒரு முறியில் ஆறு பேர்,
ஆறு வீட்டுக்கும் ஒரே வைஃபை.
வீடியோ காலில் அவன் வருவது
நாலு பழுப்புச் சதுரமும் ஒரு மீசையுமாக.
மூன்று வருடமாய் மிச்சத்தை நான்தான் நிரப்புகிறேன்.
போன லீவுக்கு வந்தபோது காதோரம் நரை.
அதை நான் ஊகித்திருக்கவில்லை.

ராத்திரி அவனும் அதே காட்டில்தான்,
ஓட்டை லேப்டாப்பில், எல்லாவற்றையும் குறைத்து வைத்துக்கொண்டு.
அவன் காட்டில் புல் கிடையாது, மெழுகிய பச்சைத் தரை.
இடுப்பளவுப் புல்லுக்குள் நான் பதுங்கும்போது
அவனுக்கு நான் வெட்டவெளியில் குந்தியிருக்கிறேன்.
"எதுக்கு ஒளியித, நல்லா தெரியுதியே," என்பான்.

பதினாறே எடுத்தேன். சீட்டுப் பணம்.
வாஷிங் மெஷினுக்கு என்று மாமியாரிடம் சொல்லியிருந்த பணம்.
முன்னூறு வாட் இழுக்குமாம்.
ஆடி மாசம், ஆரல்வாய்மொழியில் காற்றாடிகள் சுற்றட்டும்,
ஒரு கரடி சாக வேண்டியிருக்கிறது.

வீட்டில் டேப் பிடித்தேன்.
கார்டு முன்னூற்றுப் பன்னிரண்டு.
பெட்டிக்குள் இடம் முன்னூற்றைந்து.
எலும்பு இந்த அளவு விலகியிருந்தால்
டாக்டர் பிளேட் வைக்கச் சொல்வார்.
நான் திருப்புளி எடுத்தேன்.
ஹார்ட் டிஸ்க் கூட்டின் நாலு ஆணியைக் கழற்றி
தகரத்தை வளைத்து, விரல் கிழித்து,
கடைசியில் "டக்" என்று உட்கார்ந்தது.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் ஒரு சுற்று.
கரண்ட் போய்விட்டது.
வெளியே மழை, ரப்பர் தோட்டம் முழுக்க,
ஒரு இலையும் தெரியாமல்.

போன் மின்னியது.
"எங்க இருக்க? காட்டுல ஆளைக் காணோமே."
விரலைச் சப்பிக்கொண்டே அடித்தேன்:
"புல்லுக்குள்ள."