எண் பதினான்கு

நான் நாய்களுக்கு முடி வெட்டுகிறவள்.
லீத்தில், மீன்கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்,
எண் பதினான்கு.

இணையத்தில் இதே எண்ணில்
ஒரு நெசவாலை ஓடுகிறதாம்:
மக்ரூரியும் மைந்தர்களும், நான்கு தலைமுறையாக.
மைந்தர்களை நான் பார்த்ததில்லை.
அவர்களைத் திட்ட வருகிறவர்களைத்தான் பார்க்கிறேன்.

முதலில் வந்தவர் ஸ்ட்ருவன், படகுத்துறை ஊழியர்.
மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது.
பொட்டலத்தை என் மேசையில் பிரித்தார்,
ஈரம் சொட்டும் பூடில் ஒன்றின் பக்கத்தில்.
எட்டு கஜம் என்று போட்டிருந்தது.
அளந்தோம். நாலரை.
கொசுவத்தைத் தைக்கவில்லை,
இஸ்திரிப்பெட்டியால் மிரட்டி வைத்திருந்தார்கள்.
ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் மறந்துவிடும்.
கட்டங்கள் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகையில்
வழி தவறின.

"கம்பளிதானே இது?" என்றார்.
என் பிஸ்கட் எழுந்து வந்தான்.
பதின்மூன்று வயது, ஆட்டுமந்தை ஓட்டி ஓய்வுபெற்றவன்.
மோந்தான். தும்மினான்.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப்பின் இருபத்தாறு பொட்டலங்கள்.
இப்போது எனக்கும் கொஞ்சம் தெரியும்.
சீட்டு 'ஸ்காட்லாந்தின் உணர்வோடு' என்னும்;
'ஸ்காட்லாந்தில்' என்று மட்டும் சொல்லாது.
ஒரேயொரு உருபு மாறியதில்
ஆலை, தறி, மழை எல்லாம் காணாமல் போயின.
'இன்னும் மூன்றே பாக்கி' என்பார்கள்,
பதினொரு வாரமாக மூன்றே பாக்கி.
எந்தப் பெயரைத் தட்டினாலும் அதற்கொரு குலம் உண்டு.
ஒரு மதியம் வேலை இல்லாமல் 'பிஸ்கட்' என்று தட்டினேன்.
பிஸ்கட் குலத்தின் பழம்பெரும் டார்ட்டன்
நாற்பது சதவீதத் தள்ளுபடியில் கிடைத்தது.

அக்டோபரில் ஒரு மழைநாள்
கதவைத் திறந்து அந்தப் படமே உள்ளே வந்தது.
விற்பனைப் பக்கத்தில் சிரிக்கும் அதே ஆள்,
தாடையில் அதே தழும்பு.
கத்தரிக்கோலை நான் கீழே வைக்கவில்லை.

"தழும்பைப் பாருங்கள்," என்றார். "எனக்கு இடப்பக்கம்.
கில்ட்டின் குஞ்சம் வலத்தொடையில்.
படத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும்.
யாரும் தேடிப் பிடிக்காமலிருக்க
என்னைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்."
பெயர் லாக்லன். அந்தப் படம்
அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த மாலை எடுத்தது.
யாரோ சிரிக்கச் சொன்னார்களாம்.

பிஸ்கட் நெடுநேரம்
அவருடைய நனைந்த கில்ட்டில் மூக்கைப் புதைத்து நின்றான்.
விலக்கினால் உறுமினான்.

அப்போது மணி ஒலித்தது.
கையில் பொட்டலத்தோடு ஒரு பெண்மணி,
இன்வர்னஸிலிருந்து, இரண்டு ரயில் மாறி.
என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள்,
பிறகு அவரை.
"நீதானே அது!"

ஆமாம் என்றும் சொல்லாமல்
இல்லை என்றும் சொல்லாமல்
லாக்லன் தொப்பியைக் கழற்றினார்.
மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.