ஒரு சொல் மட்டும்

பெரியாஸ்பத்திரி பதினெட்டாம் நாள்
சாமியைத் திருப்பிக் கொடுத்தது.
வலது கை, வலது கால், பேச்சு
மூன்றும் போயிற்று என்று சீட்டில் எழுதியிருந்தது.
பேச்சில் ஒரு சொல் மட்டும் தப்பித்திருந்தது.
தண்ணி.

ஆனைமலை அடிவாரம், நரசிங்கம் போகும் பாதை.
தகரக் கூரை, ஒரு வேம்பு, சிமெண்டுத் தொட்டி.
அதுதான் மடம்.
முப்பது வருஷத்தில் அங்கே அவர்
அதிகம் பேசினார் என்று சொல்ல முடியாது.
இப்போது ஒற்றைச் சொல்லில்
வந்தவர்களுக்கெல்லாம் எல்லாம் கேட்டது.

மேலூர் கிரானைட் காண்டிராக்டர் விழுந்து எழுந்தார்.
தண்ணி என்றார் சாமி.
தொள்ளாயிரம் அடிக்கு போர் இறக்கினார்,
புகை மாதிரி வெள்ளைத் தூள்தான் வந்தது.
ஆனாலும் கல்லில் பேர் வெட்டி நட்டுவிட்டுப் போனார்.
உத்தங்குடி ஆட்டோ செல்லப்பாண்டி
தன்னைத்தான் சொல்கிறார் என்று நடுங்கிப்போய்
அன்றோடு குடியை விட்டார்.
நாற்பத்தோரு நாள்.
நாற்பத்திரண்டாம் நாள் கடை வாசலில்
"சாமி சொல்லியும் கேக்கலையே நான்" என்று
அழுதுகொண்டேதான் வாங்கினாராம்.
தத்துவம் நடத்தும் காலேஜ் டீச்சர் ஒருவர்
அப்பு, பஞ்சபூதம் என்று
நோட்டில் கோடு போட்டுக்கொண்டார்.

நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
பேட்ஜில் பஞ்சவர்ணம்,
மாட்டுத்தாவணி மேலூர் தடத்தில் கண்டக்டர்,
வீட்டுக்காரர் செத்ததில் கிடைத்த வேலை.
ஷிப்டு முடிந்து ஒத்தக்கடையில் இறங்கினால்
இருபது நிமிஷ நடை.
காசுப் பையைக் கட்டி வந்த தழும்போடு
முதுகுப் புண்ணுக்குப் பவுடர், மூத்திரப் பை,
துணி, கஞ்சி, நகம்.

எனக்கென்று அவர் காதில் போட்ட மூன்றெழுத்து
அவரிடமே இப்போது இல்லை.
என்னிடம் இருக்கிறது,
ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில்
உருட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஓர் இரவு அதைத் திருப்பி அவர் காதில் சொல்லிப் பார்த்தேன்.
கவனமாகக் கேட்டார்.
தண்ணி.

தண்ணி என்றால் நான் தண்ணி கொடுப்பேன்.
சொம்பு உதட்டுக்குப் போனதும்
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.
காய்ச்சிக் கொடுத்தேன்,
ஆற்றிக் கொடுத்தேன், சீரகம் போட்டு,
பானையில் வெட்டிவேர் போட்டு.
ஆறு மாதம்.
சில்லறை குறைத்துக் கொடுத்த கண்டக்டரைப்
பார்ப்பது போல ஒரு பார்வை.

ஒருநாள் கத்தியே விட்டேன்.
"எந்தத் தண்ணிதான் வேணும், சொல்லித் தொலைங்களேன்."
குருவை அப்படிப் பேசினால் என்ன பாவம் என்று
அவரே ஒருதரம் சொல்லியிருக்கிறார்.
மறந்துவிட்டது.

சித்திரை. அழகர் மலையிறங்கி வந்த நாள்.
என்னை ஸ்பெஷல் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள்.
படியில் தொங்கியவர்களுக்கெல்லாம்
சீட்டுக் கிழித்துக் கிழித்து ரெண்டு ஷிப்டு.
மூன்றுமாவடியில் யாரோ ஜன்னல் வழியே நீட்டிய மோரைக்கூட
வாயில் விசில் இருந்ததால் வாங்கவில்லை.
மடம் வந்து சேர்ந்தபோது
நாக்கு தோலாகிக் கிடந்தது.
புண்ணைத் துடைக்கக் குனிந்தேன்.
தண்ணி என்றார்.
சொம்பை நீட்டினேன்.
இடது கை எழுந்து வந்து அதைப் பிடித்தது,
நடுங்கி, பாதியைப் பாயில் கொட்டி,
மிச்சத்தை
என் வாய்ப் பக்கம் தள்ளியது.

பகையாளி படியேறினாலும்
நம் ஊரில் முதலில் கேட்பது.
முப்பது வருஷமும் அவர் கேட்டது அதைத்தான்,
சிலருக்கு அதற்குப் பிறகு உபதேசம்,
பலருக்கு அதோடு சரி.
காண்டிராக்டரைக் கேட்டதும் அதுவாகத்தான் இருக்கும்.
வெயிலில் வந்த மனுஷன்.

குடித்தேன்.
சொம்பின் அடி தெரியும்வரை
பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஈரப் பாயை உருவிவிட்டு
வேறு விரித்தேன்.

மறுநாள் விடியுமுன் தண்ணி என்றார்.
எடுத்துக் குடித்துக் காட்டினேன்.
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
எனக்கு ஆறு இருபது வண்டி.
வேம்புக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டு ஓடினேன்,
அதுவாகவும் இருக்கலாம்.