விடைபெறும் நாளில் பதிவறை எழுத்தர்

முத்திந்தா ஹச்சூண்டா,
மாகாணச் சுகாதார இயக்குநர்,
இன்று நான்கு மணிக்கு ஓய்வு பெறுகிறார்.
லுசாக்காவிலிருந்து வந்தவர்கள்
மேடையில் நாற்காலிகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.
அவருடைய பணிக் குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான்.
ஒரு பக்கத்துக்குள் அடக்கு என்றார்கள்.
அடங்கிவிட்டது.

செவிலியாகச் சேர்ந்த ஆண்டு இருக்கிறது.
தொண்ணூற்றொரு சதவீதம் தட்டம்மை ஊசி இருக்கிறது.
ஜெனீவாவுக்குப் போய்வந்தது இருக்கிறது.

காஃபூவே கரையில் மண்ணெண்ணெய் தீர்ந்து
குளிர்ப்பெட்டி அணைந்த இரவில்
மீன்காரனைத் தட்டி எழுப்பி
அவன் ஐஸுக்குள் மருந்துப் புட்டிகளைப் புதைத்தது இல்லை.
மறுநாள் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள்
தோளை மோந்து மோந்து சிரித்தார்களாம்.

பிறகு, அந்த மழைக்காலம்.
அமைச்சர் பாலம் திறக்க வரவிருந்த வாரம்.
‘காலரா’ என்று அடித்திருந்தேன்.
மேலிடத்துத் தொலைபேசி வைத்த கையோடு
என் மேசைக்கு வந்து நின்றார்:
“கடும் வயிற்றுப்போக்கு என்று போடுங்கள், ஹிமூங்கா.”
வெள்ளை மை தடவி
ஊதிக் காயவைத்தேன்.
என் மூச்சும் அந்தத் தாளில் இருக்கிறது.

பாலம் திறந்தது.
ஒன்பதாம் நாள் சொல்லும் திரும்பி வந்தது.
இடையில் பதினேழு பேர்,
தக்காளிச் சந்தைப் பக்கமே பதினொன்று.

அதற்குப் பின் யார் சொல்லியும் கேட்காதவரானார்.
ஆய்வகத் தாளுக்குக் காத்திராமல்
மூன்று முறை காலரா என்று அறிவித்தார்.
ஒரு முறை பொய்த்தது.
தண்ணீரில்லாத எல்லை மாவட்டத்துக்குத் தூக்கியடித்தார்கள்.
குறிப்பில் அதற்குப் பெயர் ‘சிறப்புப் பணி’.

ஒவ்வொரு முதல் மழைக்கும் கீழே இறங்கி வருவார்.
கோப்பைக் கேட்பார்.
தாளை ஜன்னலுக்கு நேரே பிடிப்பார்.
வெள்ளைக்கு அடியில் பழைய சொல்
நீருக்குள் கிடக்கும் கல்லைப் போலத் தெரியும்.
ஒன்றும் பேசமாட்டார்.
குளோரின் கொள்முதலுக்குக் கையெழுத்திட்டுப் போவார்.

இன்று மழையில்லை, ஆனாலும் வந்தார்.
கிழிக்கப்போகிறாரோ என்று நினைத்தேன்.
நாடாவை அவிழ்த்து, பார்த்து, கட்டினார்.
“வெள்ளை மை இப்போதும் வாங்குகிறோமா?”
“இல்லை, அம்மா. எல்லாம் கணினி.
அழித்தால் அடியில் எதுவும் தெரியாது.”

கோப்பின் மேல் கையை வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றார்.
மேலே ஒலிபெருக்கியைச் சோதிக்கிறார்கள்:
ஒன்று, இரண்டு.
ஒன்று, இரண்டு.