பொருள்

உப்பை எடுத்து எடுத்துத் தாழ்ந்துபோன ஊர் துஸ்லா.
பாஸ்னியாவின் பனி இங்கே
நிலக்கரி வாசத்தோடுதான் இறங்கும்.
ரொட்டிக்கடைக்கு மேலே வாடகை அறை.
மூன்று மடிக்கணினி, மூன்று மென்பொருள்,
மின்னஞ்சலைப் பூட்டுவதில் எது மேல் என்று
மதிப்பெண் போட நான்.
கையில் நிறுத்துக் கடிகாரம்.
விதி ஒன்றுதான்: உதவக் கூடாது.
முகம் சுளித்தாலும் அது உதவிதான் என்று
ஒப்பந்தத்தில் இருந்தது.

முதல் மென்பொருள் நல்ல இரும்பு.
கணக்குத் தெரிந்தவர்கள் தட்டிப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.
இரண்டு சாவி தரும்.
ஒன்றை ஊருக்கே கொடுக்கலாம்,
மற்றதைப் பெற்றவளுக்கும் காட்டக் கூடாது.
சுரங்கச் சங்கத்து எழுத்தர் ஹாசிம்
நாற்பத்தொரு நிமிடம் பொறுமையாகப் படித்தார்.
பிறகு
காட்டக் கூடாததை இணைத்து
சங்கத்தில் அறுபது பேருக்கும் அனுப்பினார்.
"சரிதானே?" என்று திரும்பினார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

இரண்டாவதில் ஒரே பொத்தான்.
அழுத்தினால் பச்சைப் பூட்டு.
செய்தியாளர் வேத்ரானா பதினொரு நொடியில் முடித்துக்
காப்பி கேட்டாள்.
சாவி யாரிடம் இருக்கிறது?
நிறுவனத்திடம்.
நிறுவனம் யாரிடம் இருக்கிறது?
அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாவது, தொலைபேசியில் அழைத்து
நாற்பது எழுத்தையும் எண்ணையும் வாசித்து
ஒப்பிட்டுக்கொள்ளச் சொல்லும்.
எட்டுப் பேர் வாசிக்காமலே
'ஒப்பிட்டேன்' என்பதை அழுத்தினார்கள்.
ஒருவர் மட்டும் அழைத்தார்.
நான்கு எழுத்துத் தாண்டவில்லை,
"உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்று
மறுமுனை சிரித்தது.
பிழை என்று எழுதினேன்.
அடித்தேன்.
மறுபடி பிழை என்று எழுதினேன்.

கடைசியாக ஸெனெய்தா.
அடி தாங்காமல் வீட்டைவிட்டு வரும் பெண்களுக்கு
மறைவிடம் பார்த்துக் கொடுப்பவள்.
ஒத்திகைக்கு நான் தந்த கற்பனைச் செய்தியை
மடித்து ஓரத்தில் வைத்தாள்.
இரும்பையே தேர்ந்தாள்.
நாக்கைப் பல்லிடையில் கடித்தபடி
ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்தாள்.
கேட்காமலே தோழியை அழைத்து
நாற்பதையும் வாசித்தாள், நடுவில் இருமல் வந்ததால்
முதலிலிருந்து இன்னொரு முறை.
கொடுக்க வேண்டிய சாவியைக் கொடுத்தாள்,
காக்க வேண்டியதைக் காத்தாள்.
இருபத்தாறு நிமிடம்.
இத்தனை நாளில் ஒருவரும் இப்படிச் செய்யவில்லை.
செய்தி முழுக்க, பூனை நடந்த விசைப்பலகைபோல்
யாருக்கும் விளங்காத எழுத்துச் சுவர்.

மேலே, 'பொருள்' என்ற கட்டத்தில்,
கடிதம் எழுதப் பழகிய கை எழுதியிருந்தது:
புதன் இரவு. பதினான்காம் எண், பின்வாசல்.
தாயும் இரண்டு பிள்ளைகளும்.

அந்தக் கட்டத்தை மென்பொருள் பூட்டாது.
அது எந்த மூலையிலும் அதைச் சொல்லவும் இல்லை.
பூட்டுக்குள்ளே எழுத்து,
பூட்டுக்கு வெளியே பொருள்.

அவள் விரல் 'அனுப்பு' மேல் போனது.
இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.

அறிக்கையில் அது ஒரு வரி:
கண்காணிப்பாளர் தலையிட்டார், இச்சோதனை செல்லாது.
பாதுகாப்புக்கு ஒன்பது, எளிமைக்கு மூன்று என்றே
அதற்கு முன்பே எழுதியிருந்தேன்.
ஒன்பது.
யார் கையில் ஒன்பது?

அவள் பேசவில்லை. கட்டத்தை அழித்தாள்.
கீழிருந்து வந்த வாசமோ என்னவோ,
'ரொட்டி' என்று எழுதினாள்.
கம்பியைச் செருகினேன். அனுப்பினாள்.

ஆறு நிமிடத்தில் பதில் வந்தது,
பூட்டில்லாமல், வெட்டவெளியில்:
"திறக்க வரவில்லை. சாதாரணமாகவே அனுப்பேன்."

ஸெனெய்தா மேலங்கியை எடுத்தாள்.
பேருந்தில் போனால் இருபது நிமிடம்,
நேரில் சொல்லிவிடலாம் என்றாள்.
கதவு சாத்திய பின்னும், படியில் அவள் காலணிச் சத்தம் தேய்ந்த பின்னும்
கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
நான் நிறுத்தவில்லை.
அவள் போய்ச் சேரட்டும்.