வெறும் வண்டி

விளக்கம் என்று அச்சடித்திருந்த இடத்தில்
மழை என்று எழுதினேன்.
எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"மழை ஒரு விளக்கமாம்மா?"

குறுவை மூட்டை நூற்றுப் பன்னிரண்டு
கொள்முதல் நிலைய வாசலில் வெட்டவெளியில்.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
"படுதா எடுத்தாச்சா? எங்க வர்ற?"
மூட்டைக்குக் காவலிருந்த வீட்டுக்காரர் கேட்கக் கேட்க
ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங்.
வெண்ணாற்றுப் பாலத்து இறக்கத்தில்
படம் பிடித்துவிட்டார்கள்.
அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.
எதற்கென்று இன்றுவரை நினைவில்லை.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.
பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்
சைக்கிளில் ஒரு பையன்,
கேரியரில் புல்லுக்கட்டு.
அவனை நான் எதிரில் பார்க்கவில்லை.
தாண்டிய பிறகு கண்ணாடியில்தான் பார்த்தேன்:
ஒரு காலை மண்ணில் ஊன்றி
சைக்கிளைச் சாய்த்துப் பிடித்து
என் வண்டியையே பார்த்துக்கொண்டு.
அதைக் கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.

மூன்று மாதம்.
குட்டியானைக்கு ஆள் வைத்தோம்,
நாளுக்கு எழுநூறு, டீ தனி.
நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன்.
பிரேக் இல்லாத தரையை
வலது கால் மிதித்து மிதித்து
விரிப்பில் ஒரு வட்டம் தேய்ந்தது.
கொரடாச்சேரியில் ஒருவர்
"இப்பத்தான் சரியான பக்கம் உட்கார்ந்திருக்கே" என்றார்.
அவர் நெல்லுக்கு அன்று நடை கிடையாது என்றேன்.

புத்தாக்கப் பயிற்சி ஒருநாள்.
சுவரில் படம் ஓடியது.
பனி மூடிய சாலை, சறுக்கும் கார்.
மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு
இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும்.
நாற்பத்தொரு பேரும் குறித்துக்கொண்டோம்.
எங்கள் பக்கம் ஏற்றம் என்றால் பாலம்.
அதைவிட்டால் உர விலை.

கரைச்சாலை அந்தப் படத்தில் வரவே இல்லை.
ஒருபுறம் ஆறு, ஒருபுறம் வயல்,
நடுவில் ஒரு வண்டி அகலம்.
எதிரெதிரே வந்துவிட்டால்
பாரம் உள்ளது நிற்கும்,
வெறும் வண்டி பின்னால் போகும்.
யாரும் எழுதிவைக்கவில்லை.
வரப்புக்கு வழக்கு நடத்துகிற பங்காளிகள்கூட
மீறிப் பார்த்ததில்லை.

மூன்று மாதம் முடிந்து
மேலும் பதினோரு நாள் சர்வர் வரவில்லை.
மன்னார்குடி அலுவலகத்து வேப்பமரத்தடியில்
எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள்.
குடித்துவிட்டு ஓட்டிய மினிபஸ் அகோரம்
இப்போது மோர்தான் குடிக்கிறாராம்.
சொல்லும்போதே கை நடுங்கியது.
இன்னொருவன் எதற்கென்று சொல்லவே இல்லை,
நாங்களும் கேட்கவில்லை.

"தையல்நாயகி" என்று கூப்பிட்டார்கள்.
கூப்பிட்டது என்னை,
அட்டையை நீட்டியது வீட்டுக்காரரிடம்.
அவருக்கு சைக்கிளே தகராறு.
"டிரைவர் அவங்க" என்றார்
சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே.

அட்டையில் அதே பழைய முகம்.
போய்த் திரும்பியதற்கு
ஒரு கீறல்கூட இல்லை.

தை பிறந்து நாலாம் நாள்.
சம்பா மூட்டை ஏற்றப் போகிறேன், வண்டி காலி.
கோரையாற்றுக் கரையில் பாதித் தூரத்தில்
எதிரே டிராக்டர்.
வைக்கோல் இருபுறமும் பிதுங்கி
வானத்தை அடைத்துக்கொண்டு வருகிறது.
ஓட்டுகிறவன் ஹாரன் அடிக்கவில்லை,
கையைக்கூட அசைக்கவில்லை.
அவனுக்குத் தெரியும்.

சாப்பாட்டுப் பையில்
டிபன்பாக்ஸுக்கு அடியில்
போன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.

ரிவர்ஸ் போட்டேன்.
உரிமம் திரும்பிய முதல் நாள்
இரண்டு மதகு தூரம்
பின்னாலேயே ஓட்டினேன்,
சைக்கிள் ஏதும் வருகிறதா என்று
கண்ணாடியை விட்டுக் கண் எடுக்காமல்.