தீர்மானம் எண் பதினான்கு

வலங்கைமான் பேரூராட்சிக் கூடம், பிற்பகல் மூன்று மணி.
பொருள்: புறவழிச் சாலைக்குப்
புகைப்படக்காரர் வேதமாணிக்கத்தின் பெயர்.
குறிப்பெடுத்தது நான்.

கலர் பிலிம் என்ற சொல்லே இங்கே வராத காலம் என்றார்
மருந்துக்கடை இதயத்துல்லா.
சிவப்புக் கண்ணாடி வழியே ஒரு தகடு,
பச்சை வழியே ஒன்று, கடைசியாக நீலம்.
ஒரே காட்சியை மூன்று தரம் பிடித்து
ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால்தான் நிறம்.
நாகப்பட்டினத்தில் இறங்கும் தகடுகளை
வைக்கோல் அடைத்து மாட்டுவண்டியில் கொண்டுவருவாராம்.
"முதல் ஆள் சார். ஒரு ரோடு கொடுத்தா குறைஞ்சா போயிடும்?"

முதல் ஆளுக்கு அத்தாட்சி எங்கே என்றார் பக்கிரிசாமி,
விவசாய இலாகாவில் முப்பத்தோரு வருடம்.
அதுவும் போகட்டும், பச்சையே தப்பு.
"தூர் கட்டின பயிர் இன்னும் கறுத்திருக்கும்.
இது நாற்றங்கால் பச்சை.
அந்த மனுஷன் வயலைப் பார்க்கலை,
கண்ணாடியைப் பார்த்திருக்கார்."

ஆறாவது வார்டு செல்லப்பொன்னு எழுந்திருக்கவில்லை.
உட்கார்ந்தபடியே சொன்னார்:
"மூணாவதா நிக்குறது எங்க வீட்டு மனுஷி.
அந்தச் சிவப்புச் சேலை அவளுது இல்ல.
வண்டியில கொண்டாந்து கட்டச் சொன்னாரு.
படம் முடிஞ்சதும்
வைக்கோல்போர் மறைவுல அவுத்துக் குடுத்துட்டு
பழசைச் சுத்திக்கிட்டு களை பறிக்கப் போனா."

மின்விசிறிச் சத்தம் மட்டும்.
செயல் அலுவலர் படத்தைப் போடச் சொன்னார்.

ஈரம் பூத்த சுவரில் விழுந்தது.
நாற்காலியில் மிராசுதார். ஏதோ ஈயை விரட்டியிருக்கிறார்.
வலக்கை மூன்றாக:
சிவப்பு, பச்சை, நீலம்.
காலடியில் நாய்க்கு மூன்று வால்.
பின்னால் குடமுருட்டி
தண்ணீராகவே இல்லை, நூல் நூலாகப் பிரிந்து ஓடுகிறது.
ஏழு பெண்கள் மட்டும்
ஒரு மயிரிழை பிசகாமல்.

"அற்புதமான துல்லியம்" என்றார் இதயத்துல்லா.
சொன்னபிறகு அவருக்கே என்னவோ போலிருக்க
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"காலைப் பெருசு பண்ணுங்க."

வரப்பில் ஊன்றிய ஒரு கால்.
மூன்றாவது ஆள்.
கட்டைவிரல் ஓரத்தில் மெல்லிய நீலம்.
"அட்டை ஏறியிருக்கும்" என்றார் பக்கிரிசாமி, முனகலாக.
"அப்ப ரெண்டு தகடு முடியிறவரைக்கும் தாங்கியிருக்கா."

மிராசுதாரின் மூன்று கைக்கும் கூலி கிடைத்ததா,
படம் அவர் வீட்டுச் சுவரேறியதா, யாருக்கும் தெரியவில்லை.
தகட்டை வேதமாணிக்கம் உடைக்கவில்லை.
பெருமையா, வெட்கமா,
இன்னொன்று வாங்கக் காசில்லையா?
இதற்கு மறுபடி நாற்பது நிமிடம்.

ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன்.
தேநீர் பதினொன்று, காராசேவு அரைக் கிலோ.
கட்டைவிரலை எழுதப் பதிவேட்டில் இடமில்லை.
ஓரத்தில் நீல மையால்
நகத்தளவு ஒரு கோடு இழுத்தேன்.

இதென்ன என்றார் செயல் அலுவலர், கையெழுத்திடும்போது.
பேனா எழுதுதான்னு பார்த்தேன் சார்.