ஒன்றரை அங்குலம்

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இது தானமில்லை, எழுநூறு டாலர்.
பெயர் மட்டும்தான் டோனர்.
ஆகவே பனியில் மல்லாந்து படுத்து
எழுபத்தெட்டாம் வருடத்து செவர்லேயின் அடிவயிற்றில்
சுத்தியலால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினேன்.
நல்ல இரும்பு ணங் என்றது.
பின்னச்சுக்கு மேலே, சட்டம் வளையும் இடத்தில் மட்டும்
தொப்.
நனைந்த அட்டைப்பெட்டி.

விற்க வந்த ஓரின் ஸ்டெங்கல்
மால்ட்டாவுக்கு வடக்கே கோதுமை போடுபவர்.
"அது முன்னாலேயே அப்படித்தான்" என்றார்.
எதற்கு முன்னால் என்று நான் கேட்கவில்லை.
நூறு குறைத்துக்கொண்டார்.

அதற்குமுன் மூன்றைத் தள்ளியிருந்தேன்.
ஒன்று ஒல்லி. அதன்மேல் எங்கள் ஐம்பத்தொன்றை ஏற்றினால்
சைக்கிளில் பீரோ.
இன்னொன்று நீளம். அறுத்து ஒட்ட வேண்டும்,
அறுபது மைல் வேகத்தில், பின்னால் கன்றுக்குட்டி நிற்க,
என் வெல்டிங்கை நானே நம்பமாட்டேன்.
மூன்றாவதில் எல்லா அளவும் சரி.
சாலை உப்பு தின்றது போக மீதி
ஒரு சாக்குக்குள் அடங்கும்.

ஐம்பத்தொன்றுக்கு அச்சுக்கு அச்சு நூற்றுப் பதினாறு அங்குலம்.
ஸ்டெங்கலுடையது நூற்றுப் பதினேழரை.
"கல்யாணத்தில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்கிறோம்"
என்றான் கோல்பி, டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி.
என் முனையை விட்டுவிட்டேன்.
டேப் அவன் விரலைக் கடித்தது.

அப்புறம் உயரம்.
அவனுக்கு எட்டு அங்குலம் வேண்டும்.
எட்டு தூக்கினால் ஷாஃப்ட் செங்குத்தாகி மூட்டு கதறும்,
பிரேக் குழாய் எட்டாது,
பக்கவாட்டுக் காற்றில் வளைவு திரும்பினால்
வானம் கண்ணாடிக்குள் வரும்.
அளவுக்கு மிஞ்சினால் என்று தொடங்கி
அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

மழை விட்ட மறுநாள் மேய்ச்சல் பாதையில் நடந்தேன்.
கம்போ என்கிறோம் இந்தச் சேற்றை.
டயரில் ஒட்டி, ஒட்டியதில் ஒட்டி,
சக்கரத்தைப் பானையாக்கும்.
இரண்டு தடங்களுக்கு நடுவே மேடு,
போன வசந்தத்தில் மூன்று முறை அச்சு உட்கார்ந்த மேடு.
குச்சியை நட்டு நகத்தால் கீறினேன்.
இரண்டு அங்குலம் குறைகிறது, அவ்வளவுதான்.

ஸ்பிரிங் தூக்குவது உடம்பைத்தான்.
அச்சைத் தூக்க டயரால் மட்டுமே முடியும்.
நாலு தூக்கினால் முப்பத்துமூன்று நுழையும்.
நாலு என்றேன்.
ஆறு என்றான்.
நாலுக்கான ஸ்பிரிங்கை அன்றிரவே ஆர்டர் செய்தேன்,
அவன் பெயரில்.

பதிவு அலுவலகத்தில் டெனிஸ் பெர்க்லண்ட்
இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள்:
கதவுத்தூணில் ஒன்று, சட்டத்தில் ஒன்று.
"இதில் எது உங்கள் வண்டி?"
கூடு விட்டுக் கூடு பாய்ந்தவனிடம் விலாசம் கேட்டதுபோல.
ஜன்னல் வழியே காட்டினேன், நிற்கிறதே, அது.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.
அவள் பேனாவை மூடிவிட்டு மேலாளரைக் கூப்பிடப் போனாள்.

பின்சக்கரம் மட்கார்டின் நடுவில் இல்லை.
ஒன்றரை அங்குலம் பின்னால்.
யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.

நாய் முன்காலை வைத்துப் பார்த்து எடுத்துவிட்டது,
இதை யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்பதாக.
தூக்கி வைத்தேன்.
நடுமேடு அடியில் தட்டாமல் போயிற்று.
கோல்பி பாட்டு வைக்கப் போனான், கையைத் தட்டிவிட்டேன்.
தொப் என்ற இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தது நான்தான்.
இன்னும் கொஞ்ச நாளைக்கு
ரேடியோ வேண்டாம்.